பல்லுக்கு இட்ட கவசம்

கர்ணன் கவச குண்டலங்களோடு பிறந்தவன் என்று மகாபாரதக் கதையிலே கேட்டிருக்கின்றோம். ஆராய்ந்து பார்க்குமிடத்து, அந்தப் பேறு கர்ணன் ஒருவனுக்கே உரியதன்று. நம்மில் ஒவ்வொருவருக்கும் இயற்கை ஒரு கவசத்தை அளித்தே இருக்கின்றது. பல்லின் புறத்தே வெண்மையாய் ஒளிரும் எனாமல் என்னும் படையே அது. மனித உடலிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது அதுவே. ஆயினும் அதற்கொரு குறையுண்டு. எலும்பு முறிந்தாற் பொருந்தும். தோல் கிழிந்தால் மூடும். எனாமலோ ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. இந்திரனுக்கு அறுத்துக் கொடுத்த கவசம் கர்ணனுக்கு எப்படி மீளாததாயிற்றோ, அப்படியே நாம் சூத்தைக்குக் கொடுத்த கவசமும் மீளாததாகிவிடுகின்றது.

இவ்வாறு இழந்த கவசத்துக்கு ஈடாக மனிதன் தன் கைத்திறனாற் செய்து பல்லின்மேல் அணிவிக்கும் மூடியையே பல் வைத்தியர்கள் 'கிறவுண்' என்கின்றனர். பொன்னாலும் வேறு உலோகங்களாலும் பீங்கானாலும் செய்யப்படும் அதனை நான் 'பற்கவசம்' என்று சொல்லிக்கொள்ளப் போகிறேன். இந்தப் பற்கவசம் சில வேளைகளிற் கழன்று விழுகின்றதே, அது ஏன்? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம். பல் வைத்தியம் எனக்குரிய துறையன்று. வரலாறே நான் பயின்றதும் பாடசாலையிற் பயிற்றியதும். ஆயினும் இக்கேள்விக்கு வரலாறு கூறும் விடை ஒன்று உண்டு. அது கேட்டுப் பயன்கொள்ளத் தக்கது என்பது என் எண்ணம்.

கவசம் கழன்றவுடன் நம்மவர் வாயில் வரும் முதல் வார்த்தை எது? 'ஒட்டினது சரியில்லை' என்பதே. பசையிலே குற்றம், ஆதலால் நல்ல பசை பூசினாற் சரியாகும் என்று எண்ணுகின்றோம். இவ்வெண்ணம் நமக்கு மாத்திரம் தோன்றியதன்று. சென்ற முந்நூறு ஆண்டுகளாக இத்துறையில் உழைத்த அறிஞர் பலரும் முதலில் நல்ல பசையைத் தேடியே அலைந்தனர். தேடிய பசை ஒவ்வொன்றாகக் கிடைத்தது. கவசமும் விழுந்துகொண்டே இருந்தது. பிடிப்பு என்பது பசையில் மட்டும் இல்லை. கவசத்தைத் தாங்கும் பல்லின் வடிவத்திலும் அதன் நலத்திலுமே பெரும்பான்மையும் இருக்கின்றது என்பதை அவர்கள் படிப்படியாகவே உணர்ந்தனர். அந்தப் படிகளைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பல்லிலே கருவி கொண்டு வேலை செய்யும் முயற்சி மிகப் பழமையானது. இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தான் பகுதியிலுள்ள மெகர்கர் என்னுமிடத்திற் புதைகுழிகளை அகழ்ந்தபோது, கடைவாய்ப் பற்களிலே நேர்த்தியாகத் துளையிட்டிருந்த எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒன்பது பேரின் பதினொரு பற்களில் அவ்வாறு துளையிடப்பட்டிருந்ததாக 2006ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். அவற்றின் காலம் இன்றைக்கு 7,500 ஆண்டு முதல் 9,000 ஆண்டு வரை முற்பட்டது. மணிகளுக்குத் துளையிடுவதில் வல்லவர்களான அம்மக்கள் அதே கைப்பழக்கத்தைப் பல்லிலும் பயன்படுத்தினர் போலும்.

துளையிடுவது ஒன்று, இழந்ததை ஈடுசெய்வது வேறொன்று. இத்தாலி நாட்டிலே, உரோமர் தலையெடுக்கு முன் வாழ்ந்த எத்துருஸ்கர் என்னும் மக்கள், கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டளவிலே மெல்லிய பொற்பட்டைகளைப் பற்களைச் சுற்றி வளைத்து, இழந்த பல்லினிடத்தில் வேறொரு பல்லை நிறுத்தினர். அவர்களிடம் வாயின் ஈரத்தைத் தாங்கும் பசை இருக்கவில்லை. பட்டை அண்டைப் பல்லை இறுகப் பற்றிக்கொண்டதனாலேயே அது நின்றது. தாங்கும் பல் உறுதியாயிருக்கும் வரையிலேதான் பொன்னும் நிற்கும் என்ற உண்மை அன்றே கண்முன் இருந்தது. பின்வந்தோர் அதனை மறந்தே போயினர்.

இக்காலப் பல் வைத்தியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் பிரான்சு நாட்டினரான பியேர் போஷார் என்பவர். அவர் 1728ஆம் ஆண்டிலே பல் வைத்தியத்தைப் பற்றி இரு பாகங்கொண்ட நூலொன்றை வெளியிட்டார். பல்லின் மேற்பகுதி முறிந்து வேர் மட்டும் எஞ்சியிருந்தால், அந்த வேரின் குழாயினுள்ளே பொன் அல்லது வெள்ளிக் கம்பியைச் செருகி, அதன்மேற் செயற்கைப் பல்லை நிறுத்தும் முறையை அவர் விளக்கினார். கம்பியை வேரிற் பிடித்து நிறுத்தப் பிசின்களைக் கலந்து சூடாக்கிய பசையை அவர் பயன்படுத்தினார். வாயோ எந்நேரமும் நனைந்திருக்கும் இடம். ஒருகணம் சூடான தேநீரும் மறுகணம் குளிர்ந்த நீரும் புகும் இடம். உண்ணும்போது கடைவாயிலே விழும் பாரமோ பெரிது. இத்தகைய இடத்திலே பிசின் எத்தனை நாள் நிற்கும்?

ஆதலால் அடுத்து வந்தோர் பசையை விட்டு மரத்தை நாடினர். கடினமான மரத்தாற் சிறு முளை செய்து வேரினுள்ளே செருகினர். உமிழ்நீரை உறிஞ்சி மரம் பருத்தது. பருத்ததால் இறுகிப் பிடித்தது. நல்ல உபாயந்தான்! கல்லுடைக்கும் தொழிலாளரும் இதே உபாயத்தை அறிவர். கருங்கல்லிலே வரிசையாகத் துளையிட்டு, உலர்ந்த மர ஆப்புகளை இறுக்கி, நீரை ஊற்றினால் மரம் பருத்துப் பாறையைப் பிளந்துவிடும். பாறையையே பிளக்கும் ஆப்பு பல்லின் வேரை விட்டுவைக்குமா? மரமுளை இட்ட வேர்கள் பல பிளந்தன. செயற்கைப் பல்லோடு வேரும் போயிற்று. இறுக்கம் வேறு, உறுதி வேறு என்பது அக்காலத்தவர் விலைகொடுத்துக் கற்ற பாடம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இரசாயன சாத்திரம் இத்துறைக்குத் துணை வந்தது. ஆனையிறவு உப்பைக்கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த தொழிற்சாலை ஒன்று எங்கள் பரந்தனில் 1950களில் அமைந்து, 1980களில் யுத்தத்தினால் மூடப்படும் வரை இயங்கியது. ஆதலின் அமிலமும் காரமும் கூடினால் இரண்டுமல்லாத புதியதொரு பொருள் பிறக்கும் என்பது இவ்வூர் முதியோர்க்கு நான் சொல்லித் தெரியவேண்டியதன்று. இந்தத் தத்துவத்தின்மீதே 1870களின் இறுதியில் ஒரு பற்சீமெந்து தோன்றிற்று. நாகவொட்சைட்டு என்னும் வெண்பொடியைப் பொசுபோரிக்கமிலத்தோடு கண்ணாடித் தட்டிலே குழைத்தால், சில நிமிடங்களில் அது கல்லாக இறுகும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகமெங்கும் பற்கவசங்களை நிறுத்திவைத்தது பெரும்பாலும் இதுவே.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய நுட்பமொன்று உண்டு. இந்தச் சீமெந்து பல்லோடு உண்மையில் ஒட்டுவதில்லை. பல்லின் புறத்திலும் கவசத்தின் அகத்திலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்பி, இரண்டும் ஒன்றையொன்று வழுக்காமற் செய்கின்றது, அவ்வளவே. கல்லும் கல்லும் பொருந்திய சுவரிலே இடைவெளியை அடைக்கும் சாந்து போன்றது அது. கற்கள் பொருந்தி நிற்குமாயின் சாந்து உதவும்; பொருந்தாத கற்களைச் சாந்து ஒன்றே தாங்காது.

சீமெந்து கிடைத்த காலமே தங்கப்பல்லின் பொற்காலமாகவும் அமைந்தது. அமெரிக்காவிலே 1880ஆம் ஆண்டை அடுத்து றிச்மண்ட் என்பவர் பொன்வளையமும் பீங்கான் முகமும் கொண்ட கவசத்தை வழக்குக்குக் கொண்டுவந்தார். அதே பத்தாண்டில் லாண்ட் என்பவர் முழுவதும் பீங்கானாலாகிய கவசத்தைச் செய்தார். 1927ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே பறந்து கடந்த விமானி லிண்ட்பேர்க் இந்த லாண்டின் பேரனே. இவை செல்வர்க்கு உரியனவாயிருக்க, சாதாரண மக்களிடையே பரவியது மெல்லிய பொற்றகட்டை அச்சில் அடித்துக் கிண்ணம்போல் ஆக்கிய கவசமாகும்.

நம்மவர்க்கு இது புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயா சென்று இரயில்வேயிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் உத்தியோகம் பார்த்தனர். இளைப்பாறித் திரும்பிய பெரியவர்கள் சிரிக்கும்போது வாயோரத்திலே ஒரு தங்கப்பல் மின்னியதை என் சிறு பிராயத்திலே கண்டிருக்கிறேன். இலங்கையின் நகரங்களிலும் சென்னை முதலிய தென்னிந்திய நகரங்களிலும் சீன தேசத்துப் பல் வைத்தியர்களின் பெயர்ப்பலகைகள் காணப்பட்டன. அவர்களுட் பலர் சீனாவின் ஹூபெய் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். தந்தையிடமிருந்து மகன் கற்ற கைத்தொழிலாக அவர்கள் பல் கட்டும் வேலையைச் செய்தனர். பட்டம்பெற்ற வைத்தியர் அரியராயிருந்த காலத்திலே எத்தனையோ பேருக்கு உணவைச் சப்பி உண்ணும் வசதியை அவர்கள் மீட்டுக்கொடுத்தனர் என்பதை மறத்தலாகாது.

தங்கப்பல்லிற்கு அந்தஸ்து இருந்தது; அழகும் இருந்தது. ஆனால் அச்சில் அடித்த தகட்டுக் கவசம் பல்லின் விளிம்பிலே செம்மையாகப் பொருந்துவது அரிது. இது மேல்நாட்டு வைத்தியர் செய்த கவசங்களுக்கும் பொதுவான குறையே. அளவெடுத்துத் தைக்காத சட்டைபோல அது முரசினோரத்திலே விலகி நின்றது. அந்த இடைவெளியைச் சீமெந்து நிரப்பியது. உமிழ்நீர் அந்தச் சீமெந்தை நாளடைவிற் கரைத்தது. கரைந்த வழியாக உணவும் கிருமிகளும் உட்புகுந்தன. வெளியே பொன் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே பல் அழுகிக்கொண்டிருந்தது.

இதனை அஞ்சாது எடுத்துரைத்தவர் இலண்டன் மாநகர வைத்தியரான வில்லியம் ஹண்டர் என்பவர். அவர் 1910ஆம் ஆண்டிலே கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்திலே நிகழ்த்திய உரையில், நோயுற்ற பற்களுக்குமேற் கட்டப்பட்ட தங்கவேலைகளைக் கல்லறை மண்டபங்களுக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். உடலிலே காணும் பல பிணிகளுக்கு மூடிய பல்லினுள்ளே தேங்கிய அழுகலே காரணம் என்பது அவர் கருத்து. அக்கருத்து பிற்காலத்தில் அளவுக்கு மிஞ்சிச் சென்றதும் உண்மை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், காரணம் விளங்காத நோய்க்கெல்லாம் பல்லைப் பிடுங்குவதே வைத்தியம் என்று பலர் நம்பினர். குற்றமற்ற பற்களும் பலியாயின. பின்னர் அந்த நம்பிக்கை தளர்ந்தது. ஆயினும் ஹண்டரின் கண்டனத்தால் ஒரு நன்மை விளைந்தது. கவசத்தின் மினுக்கத்தைப் பார்த்து நிறைவுற்றிருந்த வைத்தியர்கள், அதன் அடியிலே இருப்பது என்ன என்று பார்க்கத் தொடங்கினர்.

பொருத்தத்தைச் செம்மைப்படுத்தும் வழி அதற்குச் சற்று முன்னரே, 1907ஆம் ஆண்டு தை மாதத்திலே, வெளிப்பட்டிருந்தது. அமெரிக்கரான வில்லியம் தகார்ட் என்னும் பல் வைத்தியர் நியூயோர்க் நகரிலே தம் தொழிலினர் முன்னிலையில் ஒரு முறையை விளக்கினார். முதலில் மெழுகிலே வேண்டிய வடிவத்தைச் செய்வது. அதனைச் சுற்றிச் சாந்து பூசி உலர்த்துவது. சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுவது. மெழுகு இருந்த வெற்றிடத்திலே உருக்கிய பொன்னைச் செலுத்துவது. சபையோர் வியந்தனர்.

நேயர்களே, இதைக் கேட்கும் உங்களுக்கு வியப்புக் குறைவாகவே இருக்கும். சோழர் காலத்து நடராச வடிவங்களை நம் சிற்பிகள் வார்த்தது இம்முறையிலே அல்லவா? கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையிலே, தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிடித்த உருவத்தின்மேற் காவிரி வண்டலைப் பூசி, இன்றும் சிற்பிகள் அவ்வாறே வார்க்கின்றனர். இலங்கையிலே சோழர் தலைநகராக விளங்கிய பொலன்னறுவையின் சிவாலயங்களை 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது கிடைத்து, கொழும்பு நூதனசாலையை அலங்கரிக்கும் செப்புத் திருமேனிகளும் அத்தகையனவே. தகார்ட் நியூயோர்க்கிலே விளக்கிய வித்தையின் பழைய சாட்சிகள், அதே காலத்திலே நம் நாட்டு மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. இதனால் தகார்ட்டின் பெருமை குறைந்துவிடாது. தெய்வத் திருமேனியிலே ஒரு நெற்கனம் கூடினாலும் குறைந்தாலும் உளியால் திருத்தலாம். பல்லிலோ மயிரிழை விலகினாலும் குற்றம். உருகிய பொன் குளிரும்போது ஏறக்குறைய நூற்றில் ஒன்றரைப் பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஈடுசெய்யும் வண்ணம் அச்சுச் சாந்தை விரியச் செய்யும் நுட்பத்தை அறிய மேலும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. முடிவிலே, பல்லுக்கும் கவசத்துக்கும் இடையிலுள்ள சீமெந்துப் படை ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்களவாக இருத்தல் வேண்டும் என்று இலக்கணம் வகுக்குமளவுக்குக் கலை வளர்ந்தது.

பொருத்தம் செம்மையாயிற்று. அப்பொழுதும் சில கவசங்கள் நின்றன, சில கழன்றன. ஏன்? அதற்கு விடை தேடியவர்களுள் டென்மார்க் நாட்டு ஆய்வாளர் யோர்கன்சன் குறிப்பிடத்தக்கவர். அவர் 1955ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வை வெளியிட்டார். கவசம் அணிவிப்பதற்காகப் பல்லைச் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்குவர். அவ்வாறு தேய்த்த பல்லின் பக்கங்கள் ஏறக்குறைய நேராக நிற்கின்றனவா, அன்றி மேல்நோக்கிக் கூம்பிச் செல்கின்றனவா என்பதைப் பொறுத்தே பிடிப்பு அமைகின்றது என்று அவர் அளந்து காட்டினார். கூம்பும் கோணம் சிறிதே கூடினாலும் பிடிப்பு மிக விரைவாகக் குறைகின்றது. ஆறு பாகையளவு சரிவே ஏற்றது என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன.

இதனை வன்னியிலே வயல்செய்யும் ஒருவருக்கு விளக்குவது எளிது. மண்வெட்டிக்குப் பிடியிடும்போது, கண்ணுக்குள்ளே நிற்கும் மரத்தை நேராகச் செதுக்கினால் அது இறுகி நிற்கும். கூராகச் செதுக்கிவிட்டால் நான்கு கொத்திலே தகடு தனியே, பிடி தனியே. கோதுமைமாப் பசையும் அதைக் காப்பாற்றாது, அரக்கும் காப்பாற்றாது. பல்லும் அவ்விதமே. ஏற்கெனவே குட்டையான பல், சூத்தையினாலோ முறிவினாலோ பெரும்பகுதியை இழந்து கட்டைபோல எஞ்சிய பல், மிகுதியாகக் கூம்பிய பல்: இவற்றின்மேல் அணிந்த கவசம் எளிதிற் கழலும். பற்றிக்கொள்ளப் பல் இல்லாதபோது கவசம் எதனைப் பற்றும்?

பசையைத் தேடும் முயற்சியும் ஓய்ந்துவிடவில்லை. 1955ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் புவனகோர் என்பவர் எனாமலை அமிலத்தாற் கழுவிச் சொரசொரப்பாக்கினால் செயற்கைப் பிசின் அதிலே வேரூன்றும் என்று காட்டினார். 1968ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் டெனிஸ் சிமித் என்பவர் பல்லோடு இரசாயன முறையிற் பிணையும் சீமெந்தொன்றை வெளியிட்டார். இலண்டனில் வில்சன், கென்ற் என்னும் இருவர் கண்ணாடிப் பொடியைக்கொண்டு செய்த மற்றொரு சீமெந்தை 1972ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினர். இக்காலப் பசைகள் இவற்றின் வழித்தோன்றல்களே. பழைய நாகச் சீமெந்து செய்யாததை இவை செய்கின்றன, உண்மையாகவே ஒட்டுகின்றன. ஆயினும் பூசும்போது பல் ஈரமாயிருந்தால் இவையும் தோற்கும். அவசரத்திலே, எச்சில் ஊறும் வாயிலே ஒட்டிய கவசம் சில மாதங்களிலே கழன்றால், அங்கே குற்றம் பசையினதன்று, பூசிய முறையினதே.

இத்தனை முன்னேற்றத்துக்குப் பின்னும், பல ஆண்டுகள் நன்றாயிருந்த ஒரு கவசம் திடீரென்று கழல்வதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, ஹண்டர் காலத்துக் காரணமேயாகும். கவசத்தின் விளிம்பு முரசைச் சந்திக்கும் இடத்திலே பல்லிற் புதிதாகச் சூத்தை விழுகின்றது. 'கவசம் போட்டாயிற்று, இனி அந்தப் பல்லுக்கு ஒன்றும் வராது' என்பது பொதுமக்களிடையே வேரூன்றிய எண்ணம். பொன்னுக்கும் பீங்கானுக்கும் சூத்தை இல்லை என்பது மெய். அதன் அடியிலே உள்ளது உயிருள்ள பல்லாயிற்றே!

எங்கள் பகுதி இரணைமடுக் குளத்தை நம்பி வாழும் பகுதி. குளக்கட்டு எவ்வாறு உடைகின்றது என்பதை இங்குள்ளோர் அறிவர். அலை வந்து மோதுவதால் மட்டும் கட்டு உடைவதில்லை. அடியிலே ஓர் எலி வளையோ, உக்கிய வேர் விட்ட துவாரமோ இருக்கும். அதன் வழியே நீர் சிறிது சிறிதாகக் கசியும். கசியும் நீர் மண்ணை அரித்துச் செல்லும். மேலே புல் பச்சையாக இருக்கும். கட்டு நிமிர்ந்தே நிற்கும். ஒருநாள் இரவு அது சரியும். பற்கவசத்தின் கதையும் இதுவே. புழுக்கொடியலைக் கடித்தபோது கழன்றது, தொதல் இழுத்துக்கொண்டு வந்தது என்று நாம் கடைசியிலே நடந்ததைக் காரணமாகச் சொல்கின்றோம். பல வேளைகளில் கசிவு பல மாதங்களுக்கு முன்னமே தொடங்கியிருக்கும்.

வேறு காரணங்களும் இல்லாமலில்லை. உறக்கத்திலே பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமுடையோர் சிலர். அவர்தம் கவசங்கள் இரவு முழுவதும் ஆட்டுவிக்கப்படுகின்றன. நரம்பு நீக்கிச் சிகிச்சை செய்த பல், பெரும்பகுதி குடையப்பட்டிருப்பதால், கவசத்தோடு சேர்ந்து முறிந்து விடுவதும் உண்டு. பாக்கும் பொரிவிளாங்காயும் போன்ற வன்மையான பொருள்களை நாள்தோறும் கடிப்பதும் நன்றன்று. ஆயினும் பொருத்தமான வடிவமும் நலமான பல்லும் அமைந்திருப்பின், இவற்றைப் பெரும்பாலும் கவசம் தாங்கும்.

இலங்கையிலே பல் வைத்தியக் கல்வி 1943ஆம் ஆண்டிற் கொழும்பில் வைத்திய பீடத்தின் அங்கமாகத் தொடங்கி, 1950களிற் பேராதனைக்கு மாறியது. அதே பத்தாண்டிலே கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து நாட்டின் உதவியோடு மகரகமவிலே பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களைப் பயிற்றும் நிலையமும் எழுந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பாடசாலையிலேயே பேணும் அந்த முறை நியூசிலாந்திலே 1921ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டதாகும். ஒரு சிறு சூத்தையை எட்டு வயதிலே அடைத்துவிட்டால், நாற்பது வயதிலே கவசம் என்ற பேச்சுக்கே இடமிராமற் போகலாம். அதிபர் என்ற முறையிலே இந்தச் சேவையின் மதிப்பை நான் நன்கு உணர்வேன்.

வன்னியிலே இந்தத் தொடர்ச்சி பலமுறை அறுந்தது. 2008ஆம் ஆண்டின் இறுதியிலே கிளிநொச்சியும் பரந்தனும் மக்களின்றி வெறிச்சோடின. பங்கரிலும் தறப்பாளின் கீழும் உயிரைக் காத்துக்கொண்டு திரிந்த நாள்களிலே பல்லைப்பற்றி எண்ண எவருக்கு அவகாசம் இருந்தது? பல்வலி வந்தால் கராம்பை வைத்து அடக்கியதே வைத்தியம். மீள்குடியேறிய பின்னரும் வீடு, கிணறு, வயல் என்ற வரிசையிலே பல் கடைசியிலேயே நின்றது. அந்த ஆண்டுகளிலே பேணப்படாத பற்கள்தான் இன்று நாற்பது, ஐம்பது வயதினரின் வாயிலே கட்டைகளாக எஞ்சி நிற்கின்றன. அவற்றின்மேல் கவசம் அணிவிக்க வேண்டிய நிலையில் வைத்தியர் இருக்கின்றார். பற்றிக்கொள்ளப் போதிய பல் இல்லை என்று அவர் சொல்லும்போது, அது சாக்குப்போக்கு அன்று என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். சிலவேளை முரசைச் சிறிது கீழிறக்கிப் பல்லை உயர்த்திக் காட்டியோ, வேரினுள்ளே முளையொன்றை இட்டு மேலே கட்டியெழுப்பியோ அவர் பிடிப்பை உண்டாக்க முடியும். சிலவேளை அந்தப் பல்லைக் கைவிட்டு வேறு வழி தேடுவதே விவேகமாகும். கவசத்தின் விலையைக் கேட்கும் நாம், 'இது நிற்பதற்கு என் பல்லிலே பலம் இருக்கின்றதா?' என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும்.

கவசம் கழன்றால் என்ன செய்வது? முதலாவது, அதனை எறிந்துவிடலாகாது. கழுவி, சிறு டப்பாவில் இட்டுப் பேணுக. முழுமையாயும் பல் நலமாயும் இருந்தால் அதையே வைத்தியர் மீண்டும் நிறுத்தக்கூடும். இரண்டாவது, கடையில் விற்கும் சுப்பர் குளூ முதலிய பசைகளைக்கொண்டு தாமே ஒட்டிக்கொள்ளுதல் பெரும் பிழை. அவை வாய்க்கென்று செய்யப்பட்டவை அல்ல. முரசையும் பல்லையும் ஊறுபடுத்தும். கவசம் சிறிது கோணலாக ஒட்டிக்கொண்டால் கடிப்பே மாறிவிடும். உள்ளே சூத்தை இருந்தால் அதனை மூடி வளர்த்தவர்களும் நாமே ஆவோம். மூன்றாவது, நாள் கடத்தலாகாது. மூடியிழந்த பல் நோகாமல் இருக்கலாம். நரம்பு நீக்கிய பல் பெரும்பாலும் நோகாது. நோவில்லை என்று சில கிழமைகள் விட்டால், அண்டைப் பற்கள் சாய்ந்து இடைவெளியை அடைக்கும். எதிர்ப்பல் நீண்டு வரும். பழைய கவசம் அந்த இடத்திலே இனிப் பொருந்தாது. கழன்ற கவசம் வயிற்றினுட் போனாற் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். ஆனால் அதன் பின் இருமலோ மூச்சுத் திணறலோ கண்டால், அது சுவாசக் குழாயினுட் சென்றிருக்கலாமென்று கருதி உடனே வைத்தியசாலைக்கு ஓடுதல் வேண்டும்.

நாலாவதாக நான் சொல்ல விரும்புவது கவசம் கழலாமல் இருக்கும்போதே செய்யவேண்டியது. பல் விளக்கும்போது கவசமும் முரசும் கூடும் அந்த ஓரத்திலே தூரிகையைச் சற்று நின்று செலுத்துங்கள். பற்களின் இடுக்கை நூலாற் சுத்தம் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வைத்தியரிடம் விளிம்பைக் காட்டிப் பாருங்கள். கவசம் சிறிது ஆடுவதுபோலத் தோன்றினாலும், அந்த இடத்திலே துர்நாற்றமோ உப்புக் கரிப்போ தோன்றினாலும், கழலும்வரை காத்திராமற் செல்லுங்கள். கசிவைக் கண்டவுடன் கட்டை அடைக்கும் விவசாயியின் புத்தி அது.

'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் சொல்லைக் காக்க உலகத்தார் பொன்னைத் தேடினர், பிசினைத் தேடினர், மரத்தையும் சீமெந்தையும் தேடினர். அவர்கள் கண்டறிந்த ஒவ்வொன்றும் நமக்குப் பயன்படுகின்றது. ஆனால் எத்தனை விலையுயர்ந்த கவசமாயினும் அது பற்றி நிற்பது, எஞ்சிய இயற்கைப் பல்லின் மீதே. உங்கள் வீட்டிலே இப்போது எவரேனும் கழன்ற கவசத்தைத் தாளிலே மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, 'நோகவில்லை, பிறகு பார்ப்போம்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், இந்த வாரத்திலேயே அவரை அதனோடு பல் வைத்தியரிடம் அனுப்பிவையுங்கள். 'ஒட்டித் தாருங்கள்' என்று மட்டும் கேளாமல், 'ஏன் கழன்றது என்று உள்ளே பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்கும்படியும் சொல்லி அனுப்புங்கள்.